வேறுபடுத்துக

நோட்டின் வலது பக்கத்தில் இன்றைய நாடித்துடிப்பு ஏற்கெனவே எழுதியிருந்தது. 57. சாய்ந்த எழுத்து, ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு, அண்ணியின் கையெழுத்தேதான். அண்ணியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.

மாலை ஐந்து மணி. சமையலறை மேசைமேல் வெயில் சாய்ந்து கிடந்தது, குழாய் சொட்டியது, அண்ணி முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை எதிர் நாற்காலியைவிட்டுப் போகாமல் அடம்பிடித்தது. டீச்சர் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தார். விரலில் மை ஒட்டியது.

முப்பத்தோரு வருடம் அறிவியல் எடுத்தவர். எதையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நாத்தனாரான தனக்கும் அண்ணிக்கும் அடுத்தடுத்து இதயம் தாளம் தப்பி, இரண்டு டாக்டர்கள் இரண்டு மாத்திரை கொடுத்ததும், ஒரு பழைய நோட்டில் ‘வேறுபடுத்துக’ என்று தலைப்பிட்டுவிட்டார். இடது பக்கம் அண்ணி, வெள்ளை மாத்திரை: கிறுகிறுப்பு, கால் வீக்கம். வலது பக்கம் டீச்சர், மஞ்சள் மாத்திரை: வறட்டு இருமல், கை நடுக்கம், வெயில் பட்டால் முகத்தில் சாம்பல் நிறம். தன் நாடியைத் தானே எண்ணினால் மனசு ஏமாற்றும் என்று, ஒருவர் கையை மற்றவர் பிடித்து ஒரு நிமிடம் எண்ணி, அவர் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம்.

“எனக்கு ரெண்டு, உனக்கு மூணு. இதுலயும் நீதான் ஃபர்ஸ்ட், டீச்சர்” என்று அண்ணி சிரிப்பார்.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். கிறுகிறுப்பு மாத்திரையால் வருகிறதா, வயசால் வருகிறதா? மாற்றிக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சொல்லிவிட்டுச் செய்தால் சோதனை கெட்டுவிடும். “நீங்களா எதையும் மாத்தாதீங்கம்மா” என்று டாக்டர் சொன்னது காதில் இருக்கத்தான் இருந்தது. ஆனாலும் மாற்றினார், அண்ணிக்கு மஞ்சள், தனக்கு வெள்ளை. டீச்சர் உள்ளங்கையில் வைப்பதை அண்ணி பார்க்காமலே விழுங்குவார், அவ்வளவு நம்பிக்கை. நான்காம் நாள் காலை குளியலறை வாசலில் கிடந்தார். புண்ணியவதி, படுக்கையில் விழாமல் போனாள் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

தொலைபேசி அடித்தது. அண்ணியின் மகள்.

“அத்தை, தனியா எப்படி இருக்கீங்க? இங்க வந்துடுங்களேன்.”

“உங்கம்மா மாத்திரைய நான்...”

“தெரியும் அத்தை. அம்மா ஒரு வேளைகூடத் தவறாம சாப்பிட்டாங்கன்னா அது உங்களாலதான்.”

டீச்சர் போனை வைத்துவிட்டு அழுதார்.

மறுநாள் 49. அதற்கு மறுநாள் 41. விரலில் மாட்டும் கருவியை வைத்துப் பார்த்தார், அதுவும் 41தான் காட்டியது. டாக்டரிடம் ஓடினார். அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியும் 36. நோட்டை இரும்பு பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் ஐந்து மணிக்கு, பீரோவுக்குள் பேனா கீறும் சத்தம்.

திறந்தார். 30. மேலே தலைப்புகள் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. அண்ணியின் பெயருக்குக் கீழே ‘வெள்ளை’ போய் ‘மஞ்சள்’. டீச்சர் பெயருக்குக் கீழே ‘மஞ்சள்’ போய் ‘வெள்ளை’. இடது பக்கம் மட்டும் பதினைந்து நாளாகக் காலி.

நோட்டோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். வெயில் இருந்தது. தைல வாசனை நெருங்கியது.

வலது மணிக்கட்டில் மூன்று விரல்கள். ஈரமாய். சில்லென்று.

“நான்தான் அண்ணி மாத்தினேன். தெரியாம பண்ணிட்டேன். என்னை விட்டுடுங்க.”

“தெரியாம இல்ல. சொல்லாம.” காதருகே பழைய சிரிப்பு. “திருத்திட்டேன், பாரு. என்னோடத யார் எண்ணுவா?”

இடது உள்ளங்கையில் ஒரு மணிக்கட்டு வந்து அமர்ந்தது. மெலிந்தது. வளையல் அழுந்திய தடம். சூடில்லை.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டம் சட்டம்தான். எண்ணினார். ஒரு நிமிடம் முழுதும், ஒன்று என்று சொல்லக்கூட எதுவும் இல்லை. வலது மணிக்கட்டிலிருந்து விரல்கள் எழவே இல்லை. அந்தக் கையாலேயே இடது பக்கத்தில் எழுதினார். 0.

பேனா கையைவிட்டு நழுவியது. கீழே விழவில்லை.

வலது பக்கத்துக்குப் போனது. சாய்ந்து நின்றது. அவசரமே இல்லாமல், ஒரு வட்டத்தைத் தொடங்கியது.

அவர் நெஞ்சு ஒரு முறை அடித்தது.

வட்டம் பாதி வந்திருந்தது.