பதினாறு இழுபுள்ளிகள்

வெந்துபோன முகத்தை மறுபடி வார்த்தெடுக்க வடிவகத்துக்கு இருபது நிமிடம் போதும். கோவையில் எல்லாருடைய முகமும் அங்கே வளைபரப்பாகச் சேமிக்கப்பட்டிருந்தது. தோலை அப்படியே படமெடுத்து வைப்பதில்லை. முகத்தைச் சுற்றி நிற்கும் இழுபுள்ளிகளை மட்டும் வைத்திருப்பார்கள். கூடாரத் துணியைக் கயிறுகள் இழுப்பதுபோல அவை இழுக்க, பரப்பு வளைந்து முகமாகும். புள்ளிகள் கூடினால் முகத்தில் உள்ள சுருக்கமும் தழும்பும்கூட வரும். குறைந்தால் வழவழப்புதான்.

மின்கலம் வெடித்து முகம் வெந்த தணிகாசலம் கட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாருங்க, உங்க கோப்புல பதினாறு புள்ளிதானுங்க இருக்குது" என்றாள் வார்ப்பாளர் அம்சவேணி.

"பதினாறாயிரத்துக்கு மேல இருக்கணுமே?"

"இருந்திருக்குதுங்க. யாரும் பார்க்காத முகத்துக்கு வருசாவருசம் முக்கால்வாசியைக் கழிச்சுடுமுங்க. அஞ்சு வருசமா உங்களை ஒரு விழியாடியும் பார்க்கலை. எந்த மகராசன் இந்த விதியை எழுதினானோ!"

தணிகாசலம் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"நான்தாம்மா எழுதினேன்."

சேமிப்பில் இடம் போதாமல் எழுதியது. ஊரார் அணிந்திருந்த விழியாடிகள், பார்க்கும் முகத்தையெல்லாம் அளந்து புதுப்பித்துக்கொண்டே இருந்தன. பார்க்கப்படாதது யாருக்கும் வேண்டாதது என்று அன்று அவருக்குத் தோன்றியது. எழுதி முடித்ததும் வேலையை விட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது.

"போட்டோ ஏதாச்சும் இருக்குதுங்களா? சொந்தக்காரங்க?"

"எடுத்துக்கிட்டதில்ல. அக்கா ஒருத்தி இருக்கா. என் மூஞ்சி அவளுக்கு ஞாபகம் இருக்குமான்னு தெரியல."

"சாயங்காலத்துக்குள்ள வார்க்கலீன்னா சதை இறுகிடுமுங்க. அப்புறம் வாயைத் திறக்கவே முடியாது."



"இருக்கறதை வெச்சே செய்யும்மா."

கட்டைப் பிரித்தபோது மூக்கு மூக்கின் இடத்தில் இருந்தது. கண்களும் உதடுகளும் அப்படியே. மற்றபடி ஒன்றுமில்லை. கழுவிய கோப்பையைப் போன்ற முகம். அதற்கு வயது சொல்ல முடியவில்லை.

காந்திபுரத்தில் நடந்தால் கூட்டமே திரும்பியது. "ஆளுங்களா, பொம்மைங்களா?" என்று டீக்கடையில் ஒருவர் உரக்கவே கேட்டார். பேருந்தில் எதிரே உட்கார்ந்தவர்களின் விழியாடிகள் இறங்கும்வரை அவர் முகத்தைவிட்டு விலகவில்லை.

ஒரு மாதம் கழித்து அம்சவேணி அழைத்தாள். "சாருங்க, உங்க புள்ளி அத்தனையும் திரும்பி வந்துருச்சுங்க! ஒண்ணுகூடக் குறையலை!"

தணிகாசலம் கோப்பைத் திறந்து பார்த்தார். பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு. அத்தனை புள்ளிகளும் மயிரிழை பிசகாமல் புது முகத்தின் அந்த வழவழப்பை இழுத்துப் பிடித்திருந்தன.

விதியில் பிழை ஏதும் இல்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவற்றில் ஒன்றும் கழியாது.