பதினோராம் கூண்டின் எடை

தங்கச்சி ரயிலிலிருந்து இறங்கி நேராக ராட்டினத்துக்கே வந்துவிட்டாள். நகரத்துக்குப் புதிதாக வரும் எவரும் முதலில் தேடிப் போவது ஆற்றங்கரையில் நிற்கும் அந்த ராட்சத ராட்டினத்தைத்தான். இருபது கண்ணாடிக் கூண்டுகள். உச்சிக்குப் போனால் மொத்த நகரமும் காலடியில் கிடக்கும். அதை ஓட்டுபவன் அவளுடைய அண்ணன்.

"என்னண்ணா, ஃபோன்ல ஏரோப்ளேன் ஓட்டுற மாதிரி அளந்துவிட்ட? ரெண்டே ரெண்டு பொத்தான்தான் இருக்கு."

"அந்த ரெண்டை அமுக்கத்தான் சம்பளம். வாயை மூடிட்டு ஏறு."

பதினோராம் கூண்டில் அவளை மட்டும் ஏற்றினான். நேரெதிரே முதலாம் கூண்டிலும் ஒரே ஒருவர். ராட்டினமும் ஒரு தராசுதான். எதிரெதிர்க் கூண்டுகள் சமமாக இருந்தால் மோட்டார் அலுங்காமல் சுற்றும். ஏறும் பக்கம் கனத்தால் மின்சாரத்தை அதிகம் இழுக்கும், அவன் உட்கார்ந்து ஓட்டும் அறையிலிருக்கும் மின்சார மீட்டரின் முள் வலப்பக்கம் சாயும்.

நண்பகல் வெயிலில் பதினோராம் கூண்டு மேலே ஏறியது.

முள் சாய்ந்தது. ஓர் ஆளின் எடை அளவுக்கு.

அறைக்குள் சூடான கிரீஸ் வாடை அடித்தது. அது யாருடைய வாடை என்று அவனுக்குத் தெரியும்.

ராட்டினத்தில் ஒரு விதி உண்டு. பற்சக்கரங்களுக்கு நடுவே இறங்கிப் பழுது பார்ப்பவர், சுவிட்சில் தன் பூட்டை மாட்டிச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வார். அவரே வந்து திறக்கும்வரை ராட்டினம் நகரக்கூடாது. மூன்று வாரத்துக்கு முன் மெக்கானிக் அப்படித்தான் பூட்டிவிட்டு இறங்கினார். வெளியே வரிசை வாசலைத் தாண்டியது. மனுஷன் பூட்டை மறந்து சாப்பிடப் போய்விட்டார் என்று நினைத்து, இவன் பூட்டை வெட்டினான். பொத்தானை அமுக்கினான்.

உள்ளிருந்து வந்த அலறல் ஒரு நொடிகூட நீடிக்கவில்லை.

"அவரு பூட்டே மாட்டல சார்" என்றான் விசாரணையில். வெட்டிய பூட்டை ஆற்றில் எறிந்தான். பழி செத்தவர் மேல் விழுந்தது.

கூண்டுகளிலிருந்து பேசினால் கேட்கும் ஸ்பீக்கர் கரகரத்தது.

"அண்ணா... கூரை மேல யாரோ ஊர்றாங்க."

அண்ணாந்து பார்த்தான். கூரையின் தகடு உள்பக்கமாக நசுங்கியது. கண்ணாடி வெடித்துச் சிதறியது.

"அண்ணா, என் கையைப் புடிச்சி கதவிடுக்குல சொருகுது! நிறுத்துண்ணா!"

சிவப்புப் பொத்தானைக் குத்தினான். அதை அமுக்கினால் மின்சாரம் அறுந்துவிடும். மின்சாரம் போனதும் ஸ்பிரிங்குகள் தாமாகவே பிரேக்கைக் கவ்விக்கொள்ளும். பிரேக் கவ்வியது. முள் பூஜ்யத்துக்கு விழுந்தது.

ராட்டினம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஸ்பீக்கரில் வேறொரு குரல், நசுங்கிய தொண்டையிலிருந்து.

"தம்பி. நான் பூட்டு மாட்டினேனா, இல்லையா?"

"எனக்... எனக்குத் தெரியாதுண்ணே..."

எலும்பு முறிந்தது. தங்கச்சியின் அலறலைத் தாண்டி அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அடுத்து கதவு பிய்ந்து ஆற்றில் விழுந்தது. அவள் பாதி உடம்பு வெளியே தொங்கியது.

"மாட்டினேனா?"

வரிசைக்கு அறிவிப்புச் சொல்லும் மைக்கைப் பறித்தான்.

"மாட்டினாரு! நான்தான் வெட்டினேன்! நான்தான் கொன்னேன்! அவ பச்சப்புள்ளண்ணே, விட்ருங்க!"

ஆற்றங்கரையில் எழுந்த கூச்சல் அப்படியே அடங்கியது. வரிசையில் நின்ற நூறு பேரும் அந்த அறையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கூண்டு மெல்ல இறங்கி மேடையில் நின்றது. தங்கச்சிக்கு உயிர் இருந்தது. வலக்கை மட்டும் முழங்கைக்குக் கீழே இல்லை.

ஆம்புலன்ஸ் அவளைக் கொண்டுபோனது. மற்றக் கூண்டுகளில் இருந்தவர்களையும் இறக்கிவிட்ட பிறகு, போலீஸ்காரர் மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ்களைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். இவனுக்கு விலங்கு மாட்டி வெளியே நடத்தினார்.

வாசலில் அவர் சட்டென்று நின்றார்.

"டேய். எல்லாத்தையும் புடுங்கிட்டேனே?"

ஆளில்லாத ராட்டினம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கூண்டும் மேடைக்கு வந்தது. ஒருவர் ஏறி உட்காரும் நேரம் வரை நின்றது. ஓர் ஆளின் எடைக்குக் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு, அடுத்த கூண்டுக்கு வழிவிட்டு மேலே ஏறியது.