பீடிங் சொன்ன சாட்சி

“நான் மழைக்காட்டில் பிறந்தவன். அனுமதியில்லாமல் வெட்டினார்கள். கள்ளக் கப்பலில் வந்தேன்” என்றது கதவு, அலமாரி ஓரங்களில் அடிக்கும் மரச் சட்டமான பீடிங்.

கடைக்காரர் வெள்ளியங்கிரி பலமாக இருமினார். “புதுச் சரக்குங்க. இன்னும் பேசப் பழகலை.”

“மேல ஏழு பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களேண்ணா?” என்றார் நவநீதன்.

“ஸ்டிக்கர்ல இருக்கிறது இலைங்க. அது மரத்தைப் பத்தி ஏதாச்சும் சொல்லுதுங்களா?”

நவநீதன் கையிலிருந்த கருவியின் பெயர் மரநாவு. டார்ச் லைட் அளவுதான். நுனியை மரத்தில் அழுத்தினால் போதும். குடித்த தண்ணீர், பட்ட புகை, பூசிய பசை, தொட்ட கையின் வியர்வை என்று மரத்தின் இழைகளுக்குள் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதையெல்லாம் படித்து, ஒன்று விடாமல் அந்த மரமே பேசுவதுபோல் வாய்விட்டுச் சொல்லிவிடும். ‘பூமித் தோழன்’, ‘இயற்கையின் மடி’ என்றெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி ஊரை ஏமாற்றிய காலம் அதோடு மலையேறியது. புது வீட்டு மரச் சட்டங்கள் மரநாவில் தேறாவிட்டால் மின் இணைப்பு கிடையாது என்று சட்டமே வந்துவிட்டது. நவநீதன் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். அன்று காலைதான் பரிசோதகர் வருகிறார்.

அடுத்த பீடிங்கில் தேக்கின் ரேகை அழகாக ஓடியது. மரநாவு வாயே திறக்கவில்லை.

“பாத்தீங்களா, ஒரு குத்தமும் சொல்லலை!”

“இது பிளாஸ்டிக்ணா. மேல மரப் படம் போட்ட தாள். படத்துக்கு ஏது ஞாபகம்?”

வெள்ளியங்கிரி அதை வருத்தத்தோடு ஓரமாக வைத்துவிட்டு, பின்கட்டிலிருந்து ஸ்டிக்கரே இல்லாத கட்டைகளைத் தூக்கி வந்தார். பழைய கட்டடங்களைப் பிரித்து எடுத்து இழைத்தவை. இதற்காகப் புதிதாக ஒரு மரமும் சாயவில்லை. விஷப் பசையும் இல்லை.

“பயந்தவர்கள் இறுக்கிப் பிடித்த வியர்வை. நான் கோர்ட்டுக் கூண்டு” என்றது முதல் கட்டை.

“வேண்டாம்” என்றாள் நவநீதனின் மனைவி கிருத்திகா.

“பினாயில். ஐஸ். நான் பிணவறை மேஜை.”

“ஐயோ, தூரமா வைங்க அதை!”

“பூமிக்கு ரொம்ப நல்லதுங்க அம்மிணி.”

“பூமிக்கு நல்லது சரி. என் வீட்டுக்கு?”

கடைசிக் கட்டை, “சந்தனம். சாம்பிராணி. நான் கோயில் சப்பரத்தின் சட்டம்” என்றதும் கிருத்திகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேரம்கூடப் பேசவில்லை.

வெளியே வந்ததும் கணவனை முகர்ந்து பார்த்தாள். “மறுபடி ஏலக்காயா? புது வீட்டுல சிகரெட் பிடிச்சீங்கன்னு தெரிஞ்சுது, உள்ள வைக்கப் போற வலது காலை அப்படியே திருப்பி எங்கம்மா வீட்டுக்கு வச்சிருவேன்.”

“அதை விட்டு வருஷமாச்சு” என்றார் நவநீதன், ஏலக்காயை விழுங்கியபடி.

வெள்ளிக்கிழமை. வாசலில் சொந்தபந்தம் திரண்டிருந்தது. அடுப்பில் ஏற்றப் பால் தயார். கிருத்திகா வலது காலை உயர்த்திய நேரத்தில் பரிசோதகர் எழிலரசு, “ஒரு நிமிஷம்” என்று வாசல் பீடிங்கில் மரநாவை அழுத்தினார்.

“சந்தனம். சாம்பிராணி” என்று ஆரம்பித்தது அது. அத்தைகள் கைகூப்பினார்கள். “கடைசி அடுக்கு: சிகரெட் புகை. அதன் மேல் ஏலக்காய்.”

அத்தைகளின் கை இறங்கியது.

“பீடிங் அடிச்ச ஆசாரியா இருக்கும்” என்றார் நவநீதன்.

“சாமி சத்தியமா நான் பீடிதானுங்க!” என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

மரநாவு நிறுத்தவில்லை. “சாய்ந்து நின்ற தோளின் வியர்வை. அதில் சர்க்கரை வியாதி மாத்திரை.”

கிருத்திகா திரும்பினாள். “ஆசாரியண்ணா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?”

“காப்பியில மட்டுந்தானுங்க அம்மிணி.”

தூக்கிய கால் பின்னால் போனது. “அம்மா, கிளம்பு.”

நவநீதனுக்கு வேர்த்தது. பால் காய்ச்சும் முன்பே குடித்தனம் முறிந்துவிடும் போலிருந்தது. அதற்குள் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குப் போய்விட்டார் எழிலரசு. உள்ளேயிருந்து மரநாவின் குரல் கணீரென்று வந்தது. “சந்தனம். சாம்பிராணி. கடைசி அடுக்கு: நெய். மைசூர்பாகு. கையைச் சட்டத்தில் துடைத்திருக்கிறார்கள். கூடவே கண்ணாடி வளையல் உரசிய—”

கணவனுக்குச் சர்க்கரை என்பதால் இனி இந்த வீட்டில் இனிப்பு யார் வாயிலும் படக்கூடாது என்று சபதம் போட்டவள் கிருத்திகா. அவள் கை தானாக முந்தானைக்குள் போனது. நவநீதன் அந்த வளையல்களைப் பார்த்தார். அவள் அவர் தோளைப் பார்த்தாள்.

“சார், போதும்! பாஸ் போட்டுடுங்க!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வலது கால் உள்ளே வந்தது. பால் பொங்கியது.

“அசல் மரம். சான்று ரெடி” என்று சிரித்தார் எழிலரசு. “வருஷா வருஷம் வந்து மறுபடியும் கேட்டுக்குவோம்.”

மறுநாள் வெள்ளியங்கிரியின் கடை வாசலில் ஒரே கூட்டம். எல்லாரும் சான்று வாங்கியவர்கள். எல்லார் முகத்திலும் நேற்றைய நவநீதனின் வேர்வை. முதல் ஆளாக, இடுப்பில் மரநாவைச் செருகியபடி எழிலரசு நின்றார்.

“நம்ம வீட்டுச் சாப்பாட்டறைக்குத்தான்” என்று முணுமுணுத்தார் அவர்.

வெள்ளியங்கிரி சுறுசுறுப்பாக இருந்தார். அன்று ஓரங்கட்டிய பிளாஸ்டிக்கின் மரப் படத் தாளை இப்போது தனியாகச் சுருள் போட்டு விற்றார். “அசல் மரத்து மேல இதை ஒட்டிருங்க. எந்தப் புகையும் உள்ள போகாது. சோதனைக்கு வர்றப்ப உரிச்சு, போனதும் மறுபடி ஒட்டிக்கலாமுங்க.”

சுருளின் மேல் அதே ஏழு பச்சை இலைகள். கீழே புது வாசகம்: ‘எதையும் நினைவில் வைக்காது.’

கணவனோடு கூட்டத்தில் நின்ற கிருத்திகா மரநாவைத் தாளில் அழுத்தினாள். சத்தமில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். சந்தேகம் தீராமல் வெள்ளியங்கிரியை முறைத்தாள்.

“இது அசல் போலிதானுங்களே? ஏதாச்சும் நிஜ மரத்தைக் கலந்து எங்களை ஏமாத்திரலையே?”