பரண் மேல் இரண்டு பேர்!

போன் அடித்தது!

செத்தவனின் போன்!

ஜெயகாந்தன் எடுத்த அடியைப் பாதியில் நிறுத்தினான். இலங்கைத்துறைக் காட்டுப் பாதையில் நான்கு வருடம் வழிகாட்டியாக நடந்தவன். பாம்பைக் கண்டு நின்றிருக்கிறான். கரடியைக் கண்டு நின்றிருக்கிறான். போன் சத்தத்துக்கு நின்றது இதுதான் முதல் தடவை.

ட்ரிங்... ட்ரிங்...

சத்தம் முன்னால் குளக்கரையில், கண்டல் மர வேர்களுக்குள்ளிருந்து வந்தது. நேற்று மத்தியானம் அவன் பேணாடை உருட்டிவிட்ட அதே வேர்கள்!

பேணாட் அவனுடைய கூட்டாளி. அவனும் வழிகாட்டி. மிருகம் காலால் தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு ஒன்றை ஜெயகாந்தன் மானுக்காகக் காட்டுக்குள் கட்டியிருந்தான். பேணாட் அதைக் கண்டுபிடித்து, போனில் படமும் எடுத்தான். "நாளைக்கு வைல்ட்லைஃப் ஒபிசில குடுக்கப்போறன்" என்றான். வாய்த்தர்க்கம் முற்றியது. பின்னந்தலையில் பொல்லுத்தடியால் ஒரே அடி! மூக்கில் விரலை வைத்துப் பார்த்து, மூச்சில்லை என்று முடிவுகட்டி, வேர்களுக்குள் தள்ளிவிட்டு எடுத்தான் ஓட்டம்.

பதற்றத்தில் எடுக்க மறந்த அந்தப் போன்தான் இப்போது அடிக்கிறது.

"தம்பி... என்ன சத்தம் அது?"

பின்னால் வந்த பஹ்மியா கேட்டார். கிண்ணியாக்காரி. ஐம்பது வயது. மாவட்டச் செயலகமான கச்சேரியில் புள்ளிவிபரப் பகுதியில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் குளம் குளமாகப் போய் நீர்ப்பறவைகளை எண்ணுவார். கழுத்தில் தொலைநோக்கி, கையில் குறிப்பெழுதும் கொப்பி.

"அது... அது குருவி மிஸ்!"

"எந்தக் குருவி?"

"கண்டல் குருவி. இந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கு."

"இருவத்திரெண்டு வருசமா குருவி எண்ணுறன் தம்பி. ரிங்டோன் போடுற குருவிய இண்டைக்குத்தான் கேக்குறன்!"

போன் அடித்து ஓய்ந்தது.

"ஆரும் மீன்பிடிக்க வந்தவை போனை விட்டிட்டுப் போயிருப்பினம் மிஸ். அதை விடுங்கோ. வானம் இருட்டிக்கொண்டு வருது. திரும்புவமா?"

"நல்ல கதை! குளத்த எண்ணாமப் போறதுக்கா விடியக்காலத்துல எழும்பி வந்தன்? பேணாட் தம்பியெண்டா இப்பிடிச் சொல்லமாட்டார். அவர்தானே என்னக் கூட்டிட்டு வாறண்டு சொன்னவர்? ஏன் வரல்ல?"

"காய்ச்சல் மிஸ். அதுதான் நான் வந்தனான்."

காய்ச்சலாவது, கத்தரிக்காயாவது! வேறொரு வழிகாட்டி இந்த அம்மாவைக் குளக்கரைக்குக் கூட்டிவந்தால் கதை கந்தலாகிவிடும். அந்தப் பயத்தில்தான் அவனே வந்தான். பாதி வழியில் ஏதாவது சாட்டுச் சொல்லித் திருப்பிவிடலாம் என்பது திட்டம்.

திட்டம் போட்டவன் யானையைக் கணக்கில் எடுக்கவில்லை.

சடார்!

பின்னால் ஒரு மரக்கிளை முறிந்தது. இருவரும் திரும்பினார்கள்.

பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது... தனியன்! கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆண் யானை! காது இரண்டும் விரிந்திருந்தன.

"மிஸ்... கத்தாதேங்கோ. ஓடாதேங்கோ. அந்தப் பரணில ஏறுங்கோ... மெதுவா..."

பறவை பார்ப்பதற்காகக் குளக்கரையில் பன்னிரண்டடி உயரத்தில் கட்டிய மரப் பரண். பஹ்மியா ஏணியில் ஏறிய வேகத்தைப் பார்த்தால் ஐம்பது வயது என்று யாரும் நம்பமாட்டார்கள். ஜெயகாந்தன் பொல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் தாவினான்.

யானை பரணின் அடிக்கு வந்தது. பரணின் மரக்கால் ஒன்றில் முதுகைத் தேய்த்தது. பரண் முழுதும் ஆடியது.

"யா அல்லாஹ்!"

இடப்பக்கம் குளம். வலப்பக்கம் கடலோடு சேரும் களப்பு. இரண்டிலும் முதலை. ஒரே பாதையில் யானை. கீழே வேர்களுக்குள் பிணம்! ஜெயகாந்தனுக்கு அழுகை வந்தது. இதைவிட நேற்றே பொலிஸில் போய் நின்றிருக்கலாம் என்று நினைத்தான்.

பஹ்மியா போனை எடுத்தார்.

"ஆருக்கு மிஸ் எடுக்கிறீங்கள்?"

"வைல்ட்லைஃப் ஆக்களுக்கு."

"வேண்டாம் மிஸ்! தானாப் போயிடும்."

"அது போறதுக்குள்ள நான் மவுத்தாப் போயிருவன் தம்பி!"

பேசினார். இடம் சொன்னார். வைத்தார்.

"யானை விரட்டுற வெடியோட வாறாங்களாம். ஒரு மணித்தியாலம் பொறுக்கட்டாம்."

ஒரு மணித்தியாலம்! அதற்குப் பிறகு பத்துப் பேர் இந்தக் கரை முழுதும் நடப்பார்கள். வேர்களுக்குள் எட்டிப் பார்க்க ஒருவன் போதும். காப்பாற்ற வருகிறவர்களை நினைத்துத்தான் ஜெயகாந்தன் நடுங்கினான். இப்படியும் ஒரு பிழைப்பு!

"தம்பி, ஒரு விசயம் கேக்கணும்."

"சொல்லுங்கோ மிஸ்."

"காட்டு வாசல்ல குழை தொங்கவிட்டீங்களே... அது என்னத்துக்கு?"

"காட்டுக்குள்ள போறவை இலையோட ஒரு கொப்பு முறிச்சுத் தொங்கவிட்டுக் கும்பிட்டுத்தான் போவினம் மிஸ். பிள்ளையார் காவல். வேதக்காரப் பெடியளும் போடுவினம். பேணாட் சிலுவை போட்டுக்கொண்டு போடுவான்."

"திரும்பி வந்தா?"

"வரேக்க அவரவர்ர குழையை அவரவர் எடுத்துப்போடவேணும். அது எங்கட வழிகாட்டிமாரின்ர ஒழுங்கு. தொங்கினா, ஆள் இன்னும் உள்ளுக்கு எண்டு அர்த்தம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வாயைப் பொத்தப் பிந்திவிட்டது.

"அப்ப அதான் கேக்குறன். இண்டைக்கு நீங்க போட்டது ஒண்டு, பச்சை. நான் போடுறல்ல, எண்ணுறது மட்டும்தான். அதுக்குப் பக்கத்துல ரெண்டு குழை வாடிப்போய்த் தொங்குது. நேத்தைய குழை. ஆனா வாசல்ல நான் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க? நேத்து ஆருமே காட்டுக்குள்ள போகல்ல எண்டு. அப்ப அந்த ரெண்டு பேரும் ஆரு?"

ஒருவன் பேணாட், மற்றவன் ஜெயகாந்தனேதான்!

கொலைவெறியில் போகவில்லை அவன். பேணாடைச் சமாதானப்படுத்தத்தான் நேற்றுப் பின்னாலேயே போனான். போகும்போது, நான்கு வருடப் பழக்கத்தில், கை தானாகக் கொப்பை முறித்தது. வரும்போது? பயத்தில் தலைதெறிக்க ஓடிவந்தவனுக்குக் குழையாவது ஞாபகமாவது! இன்று காலையிலும் அதன் பக்கத்திலேயே புதுக் குழையைத் தொங்கவிட்டான். கண்ணிருந்தும் பார்க்கவில்லை.

"விறகுக்கு வந்த ஆக்களாயிருக்கும் மிஸ்..."

"விறகுக்கு வந்தவங்க ராவெல்லாம் உள்ளுக்கா நிண்டாங்க?"

"நான் நேற்று இங்கை இல்லை மிஸ். வெருகல் கோயிலுக்குப் போனனான்."

"நீங்க எங்க நிண்டீங்க எண்டு நான் கேக்கவே இல்லையே தம்பி!"

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

மறுபடியும்!

ஜெயகாந்தன் பஹ்மியாவின் கையைப் பாய்ந்து பிடித்தான்.

"அடிக்காதேங்கோ மிஸ்! அவன்ர போனுக்கு எடுக்காதேங்கோ!"

"ஆர்ர போனுக்கு? இந்தா பாருங்க, நான் ஒருத்தருக்கும் எடுக்கல்ல!"

அவருடைய போன் இருண்டு கிடந்தது. அப்படியானால் செத்தவனைக் கூப்பிடுவது யார்?

யானை தலையைத் திருப்பியது. சத்தம் வந்த பக்கம் காதை மடித்து விரித்தது. பிறகு ஆறுதலாக, அவசரமே இல்லாமல், கண்டல் வேர்களை நோக்கி நடந்தது.

"அங்க என்னமோ இரிக்கி தம்பி! பாருங்க... தும்பிக்கைய உள்ளுக்கு விடுது!"

"பாக்காதேங்கோ!"

"என்னமோ இழுக்குது! துணி மாதிரி... நீலத் துணி!"

பேணாடின் சட்டை நீலம்!

அவ்வளவுதான். ஜெயகாந்தனுக்குள் நேற்றிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தது அறுந்தது. பரண் பலகையில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"நான் கொல்லவேணுமெண்டு அடிக்கேல்லை மிஸ்! சத்தியமா அடிக்கேல்லை! படத்தை அழி எண்டு எவ்வளவு கெஞ்சினனான்! அவன் கேக்கேல்லை. கோவத்தில ஒரே ஒரு அடி... இந்தப் பொல்லாலதான்... விழுந்திட்டான்... மூச்சில்லை..."

"ஆரு தம்பி?"

"பேணாட்! பேணாடை நான்தான் அடிச்சுச் சாகடிச்சிட்டன்!"

பஹ்மியா பரணின் மறு மூலைக்கு நகர்ந்தார். அந்தப் பரணில் மறு மூலை என்பது நான்கடி தூரம்.

கீழே யானை துணியை உதறியது.

நீலத் துணிப்பை! பேணாடின் சாப்பாட்டுப் பை!

உள்ளேயிருந்து போன் ஒன்று சேற்றில் விழுந்தது. கூடவே ஒரு சோற்றுப் பார்சல். யானை காலால் மிதித்துப் பார்சலைப் பிரித்தது. நேற்றைய சோறு அதற்குப் பிடித்திருந்தது போலும்.

ஜெயகாந்தன் விரல் இடுக்கால் எட்டிப் பார்த்தான்.

வேர்களுக்குள் சேறு. நண்டு. வேறொன்றும் இல்லை!

பிணம்... எங்கே?

முதலை இழுத்திருக்கும்! ஓம், முதலைதான்! அப்படியானால் பிணம் இல்லை, சாட்சி இல்லை, வழக்கு இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அவன் சொன்னதைக் காதால் கேட்ட ஒருத்தி நான்கடி தூரத்தில் இருக்கிறாள்.

கீழே யானை. ஒரு தள்ளு. 'பரணில் இருந்து தவறி விழுந்தார், யானை மிதித்தது.' கேட்கிறவர்கள் நம்புவார்கள்.

பொல்லைப் பிடித்த கை மெல்ல உயர்ந்தது. தன் கையைப் பார்க்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது இறங்கவில்லை.

"தம்பி... என்ன பாக்குறீங்க?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ்."

"தம்பி! வேணாம்! எனக்குப் பிள்ளை குட்டி இரிக்கி!"

"எனக்கும் இருக்கு மிஸ்..."

போன் அடித்தது!

இந்தமுறை கீழே அல்ல. அவனுடைய சட்டைப் பையில்!

தெரியாத நம்பர். எடுக்காமல் விட்டால் விடாமல் அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு யானை மறுபடி பரணுக்கு வரும். அவசரத்தில் விரல் எங்கெங்கோ பட்டு ஸ்பீக்கரையும் சேர்த்துத் திறந்தது.

"ஹலோ..."

"மச்சான்! நான் பேணாட்!"

பொல்லு கையிலிருந்து நழுவிப் பரண் பலகையில் விழுந்தது.

"ஹலோ? ஜெயகாந்தன், கேக்குதோடா?"

"பே... பேணாட்?"

"ஓமடா. ஆஸ்பத்திரியில கிடக்கிறன். இது நேர்ஸின்ர போன். என்ர நம்பரை விட்டா உன்ர நம்பர் மட்டும்தான் எனக்கு மனப்பாடம். விடியக்காலமை, எப்பிடியோ தவண்டு வந்து களப்புக் கரையில கிடந்தனானாம். மீன்பிடிக்கிற ஆக்கள் கண்டு தூக்கிக்கொண்டு வந்தவை. தலையில பெரிய காயம் மச்சான். எட்டுத் தையல்."

"என்ன... என்ன நடந்தது மச்சான்?"

"ஒண்டுமே ஞாபகம் இல்லையடா! முந்தநாள் வரைக்கும்தான் ஞாபகம் இருக்கு. யானை அடிச்சிருக்கும் எண்டு சொல்லினம். இஞ்ச பக்கத்தில பொலிஸும் நிக்குது. யானை அடிச்சதெண்டு எழுதி முடிச்சிட்டினம். நான் கையெழுத்து வைக்கிறது மட்டும்தான் பாக்கி."

யானை!

ஜெயகாந்தனின் நெஞ்சில் இருபது மணித்தியாலமாக ஏறியிருந்த பாறாங்கல் உருண்டு போனது. பேணாட் உயிரோடு இருக்கிறான்! அவன் கொலைகாரன் இல்லை! பேணாடுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை! கண்ணில் நீர் முட்டியது. இது உண்மையான சந்தோஷக் கண்ணீர்.

"என்ர போனையும் காணேல்லை மச்சான். நேர்ஸின்ர போனால ரெண்டு தரம் எடுத்துப் பாத்தனான், அடிக்குது, ஒருத்தரும் எடுக்கினமில்லை. நீ ஒருக்காத் தேடிப் பாரன். உன்னை விட்டா எனக்கு ஆரிருக்கு?"

சந்தோஷம் ஐந்து விநாடிதான் நீடித்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்! பத்தே பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்...

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

பஹ்மியாவின் கையில் அவனுடைய பொல்லு! விழுந்த கையோடு எடுத்துவிட்டார். அதன் நுனி அவனுடைய நெஞ்சுக்கு நேரே நின்றது. அவனுக்குப் பின்னால் பரண் முடிந்து, பன்னிரண்டடிப் பள்ளம் தொடங்கியது.

"மிஸ்..." அவன் உதடு மட்டும் அசைந்தது. கும்பிட்டான்.

"மச்சான், ஆரடா பக்கத்தில?" என்றது போன்.

"நான்தான் தம்பி, கிண்ணியா பஹ்மியா!" அவர் குரலை நன்றாக உயர்த்தினார். "கையெழுத்து வெச்சிராதீங்க! போனை அந்தப் பொலிஸ்காரர்ட காதுல வைங்க!"

"வைச்சிட்டன் மிஸ்... ஏன்?"

"உங்கள அடிச்சது யானையில்ல. யானை கீழ நிண்டு உங்கட சோத்தத் திண்டுட்டு இரிக்கி. அடிச்சவர் மேல என்னோட இரிக்கார்... ரெண்டு பேர்லயும் யானைதான் நல்ல பிள்ள!"