தூறலைப் பற்றி நாலு வரி

டமார்!

மழைக்கு ஒதுங்க ஓடி வந்து, கண்ணாடிக் கடையின் கண்ணாடிக் கதவிலேயே முட்டி, மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்ட மகானுபாவனை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"கதவு திறந்திருக்குன்னு நினைச்சேன்..." நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அவ்வளவு பளிச்னு துடைச்சு வெச்சது என் தப்புதான் சார்... உட்காருங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் கண்ணைச் சோதித்தாள். காலையிலிருந்து மாலை வரை கண்களைப் பார்ப்பதுதானே அவள் வேலை! ஆனால் இந்தக் கண்கள்... மழைக்கு முந்தின வானம் மாதிரி கறுத்து, ஏதோ சொல்ல வந்து தயங்கி... நம்பரை எழுத மறந்து அப்படியே நின்றாள். ச்சே, என்ன ஆச்சு எனக்கு?

"நம்பர் என்னம்மா?" லென்ஸ் தீட்டும் அறையிலிருந்து அண்ணன் கத்தினான். கடை அவனுடையது.

"ப்ளஸ் அஞ்சுண்ணா!"

"ஒரு மணி நேரம் ஆகும்!"

"ஐயோ... அஞ்சு மணிக்கு அட்டை அச்சுக்குப் போகணுமே!" அவன் பையிலிருந்து ஒரு தாளை உருவினான். "நான் ஒரு பதிப்பகத்துல எடிட்டர். ஒரு நாவலோட பின்னட்டை இது. கண்ணாடி இல்லாம எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா?"

வாங்கினாள். முதல் வார்த்தையிலேயே மூச்சு நின்றது. தூறல்... அவளுடைய புனைபெயர்! அண்ணனுக்குத் தெரியாமல் இரண்டு வருடம் எழுதி, தபாலில் அனுப்பிய நாவல்!

குரல் நடுங்காமல் படித்தாள். "தூறல் அவர்கள் சிறுவயது முதலே இலக்கிய ஆர்வம் மிக்கவர். வணிகவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு, தட்டச்சில் முதல் வகுப்பு..."

"போதும், போதும்!" அவன் சிரித்தான். "இவங்க நாவல் எழுதியிருக்காங்களா, இல்ல வேலைக்கு மனு போட்டிருக்காங்களா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் சார், பாடுபட்டு வாங்கினதைச் சொன்னா தப்பா?"

"தப்பில்லைங்க. ஆனா கடையில புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறவங்க, நம்மகிட்ட பேசப் போறது யாருன்னுதான் பார்க்கிறாங்க. மார்க்கையா பார்க்கிறாங்க? இவங்க தினம் என்ன செய்யறாங்க, இந்தக் கதை எங்கேர்ந்து வந்துச்சு... நாலு வரி போதும். கடிதம் போட்டுக்கூடக் கேட்டேன். பதிலே இல்லை. எதையோ மறைக்கிறாங்க."

"பார்க்காத ஒருத்தரைப் பத்தி இவ்வளவு வாய் ஆகாது சார்!"

அவன் குரல் சட்டென்று இறங்கியது. "கோபப்படாதீங்க... நாவலை மூணு தடவை படிச்சேன். பார்வை போன அம்மா பக்கத்துல உட்கார்ந்து, வெளியில பெய்யற மழையை மகள் சொல்லிக் காட்டுவா... திருத்த வேண்டிய நான் பேனாவைக் கீழே வெச்சுட்டு அழுதேங்க. இப்படி எழுதத் தெரிஞ்சவங்க, தன்னைப் பத்தின்னா மட்டும் ஓடி ஒளியறாங்களே..."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, அவனுக்குத் தெரியாது.

'நான்தான்' என்று சொல்ல நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் உள்ளே அண்ணன்... 'கதையாம் கதை, சோறு போடுமா?' என்று, அவள் வாங்கி வைக்கிற பத்திரிகையையெல்லாம் கிழித்து லென்ஸ் துடைக்கிறவன். அதைவிட, 'இந்தக் கடைக்காரப் பொண்ணா தூறல்?' என்று இவன் முகம் வாடிவிட்டால்... அதை எப்படித் தாங்குவாள்?

கண்ணாடி தயாராகும்வரை நம்பர் சீட்டின் பின்பக்கத்தில் எதையோ எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். மடித்துக் கண்ணாடிக்கூட்டுக்குள் வைத்துவிட்டாள்.

புதுக் கண்ணாடியை அவளே மாட்டிவிட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரியா இருக்கா சார்?"

"ரொம்ப..." என்றான். கண்ணாடியைச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

"கூட்டுக்குள்ள சீட்டு இருக்கு. ஆபீஸ் போய்ப் பாருங்க."

அவன் போனதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கு இடக்கண் நம்பரை வலக்கண்ணுக்கு எழுதி அண்ணனிடம் திட்டு வாங்கினாள். மணி ஐந்து... ஐந்தரை... ஆறு. அவ்வளவுதான், சிரித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருப்பான்.

கதவு திறந்தது. இந்தத் தடவை முட்டவில்லை. தொப்பலாக நனைந்திருந்தான், கையில் இருந்த அட்டை மட்டும் நனையவில்லை.

"படிக்கட்டுமா?" என்றான். "தூறல், அண்ணனின் கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவர். பார்வை இழந்த அம்மாவுக்கு ஒன்பது வருடம் மழையைச் சொல்லிக் காட்டியவர். கதை சொல்ல அங்கேதான் கற்றுக்கொண்டார். இது இவருடைய முதல் நாவல்."

உள்ளே மிஷின் நின்றது. அண்ணன் வெளியே வந்தான். அட்டையை வாங்கினான், இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டான். ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மாவைப் பத்தியா எழுதினே... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அட்டையை அவள் கையில் கொடுத்தான். "கடைப் பேரையும் போட்டிருக்கலாம்ல, லூசு!" விருட்டென்று உள்ளே போய்விட்டான்.

அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். பிறகுதான் உறைத்தது.

"நான் அஞ்சு வரி எழுதினேனே..."

"நாலுதானே கேட்டேன்? அஞ்சாவதை எடுத்துட்டேன்." சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினான். அவள் கையெழுத்து... 'இன்று ஒருவரின் கண்களைப் பார்த்து, நம்பர் எழுத மறந்துபோனார்.'

"இதை ஊரெல்லாம் படிக்க வேண்டாங்க... நான் ஒருத்தன் படிச்சா போதும். எழுத்தைப் படிச்சப்பவே உங்களைப் பிடிச்சுப் போச்சு. இன்னிக்குத்தான் முகத்தைப் பார்த்தேன்."

வெளியே மழை விடவில்லை. அவள் தலைகுனிந்தபடியே ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உட்காருங்க... அந்த நம்பர் சரிதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. இன்னொரு தடவை பார்க்கணும்."