போட்டுப் பார்த்த துணி

கிரில் கதவில் மறுபடியும் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. கையுறை பேக்டரியில் காலை ஷிப்ட் முடிந்து, ரப்பர் பால் நாற்றம் தலைமுடி வரைக்கும் ஏறிப்போய், பாக்கார் ஆராங் கடைவரிசையில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்த லூர்து மேரிக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் பை. மேலே நீல மையில், மலாய் மொழியில், ஒரே ஒரு வரி: உடுத்தாத துணிகளை இதில் போட்டு வாசலில் வையுங்கள். எந்தச் சங்கம், எந்த ஊர், யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது, ஒன்றும் கிடையாது. நேற்று ஒன்றைக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். அதற்கு முன் ஒன்றை எரித்தாள். மூன்றாவது வந்து நிற்கிறது.

பிய்த்து எறியப் பையில் கை வைத்தபோதுதான் கவனித்தாள். முடிச்சு உள்பக்கம் இருந்தது. வெளி கேட்டின் பூட்டை இப்போதுதான் திறந்து வந்திருந்தாள். கிரில்லில் பூட்டு. பை வெளியே தொங்க, அதன் காதுகள் இரண்டும் கம்பிகளுக்கு ஊடே உள்ளே போயிருந்தன. வீட்டுக்குள் நின்றுகொண்டு யாரோ நிதானமாகக் கட்டியதுபோல் இருந்தது.

"கம்பிக்குள்ள கைய விட்டுக் கட்டிருப்பானுங்க" என்று சத்தமாகவே தனக்குச் சொல்லிக்கொண்டு அறுத்து எறிந்தாள்.

பக்கத்து வீட்டு அஜீசா சுவருக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஜலீல் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் மேரியின் மகள் அகத்தா அஜீசா வீட்டில்தான் இருப்பாள். மேரி வீட்டுச் சாவி ஒன்றும் அஜீசாவிடம் உண்டு. சில நாள் அகத்தா அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு தானாகவே வீட்டுக்குப் போய்க் குளித்துவிடுவாள்.

"எங்க வீட்டுக்கு ஒண்ணும் வரலயே மேரி" என்றாள் அஜீசா. "இந்த லைன்ல யாருக்குமே வரல. நா கேட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குக்கா? என்னைப் பாத்தா அள்ளிக் குடுக்கிறவ மாதிரியா இருக்கு?"

அஜீசா சிரித்தாள். மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. பண்டார் பாரு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் வளர்ந்ததே அடுத்தவர் துணியில்தான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டம்மா வருடத்துக்கு ஒரு மூட்டை கொடுப்பார். அதில் வந்த ஒரு கவுனைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன அன்று, கிராணி மகள் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "அது என்னோடது" என்றாள். அந்தக் கவுனை மேரி அன்றைக்கே ஆற்றில் விட்டாள், அம்மாவிடம் அடியும் வாங்கினாள். தன் பிள்ளை அடுத்தவர் துணியைப் போடக் கூடாது, தன் பிள்ளை துணியை அடுத்தவர் போடவும் கூடாது என்பது அவளுக்குள் கெட்டியாக உட்கார்ந்துவிட்ட ஒன்று. அதைப் புருஷனுக்குக்கூட அவளால் புரியவைக்க முடிந்ததில்லை.

புருஷன் ஜெரார்ட் லோரி ஓட்டுபவன். வீட்டில் இருந்த இரண்டு நாளில் அவள் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான். "ஏதாச்சும் போட்டு அனுப்பிடு லா. ஒரு பழைய சட்டைக்கா இவ்ளோ சண்டை?" என்று, நான்காவதாக வந்த பையில் தன் சட்டை ஒன்றையும் கால்சட்டை ஒன்றையும் திணித்து வாசலில் வைத்துவிட்டு லோரிக்குப் போனான்.

மறுநாள் பை அங்கேயே இருந்தது. துணியும் இருந்தது.

ஆனால் மடித்திருந்தது. ஜெரார்ட் எதையும் மடிக்கிறவன் அல்ல. சட்டையை விரித்துப் பார்த்தாள். கழுத்துப் பொத்தான் வரைக்கும் போடப்பட்டிருந்தது. கைகள் இரண்டும் ஈரமாக, யாரோ பிடித்துத் தொங்கியதுபோல் நீண்டு தொய்ந்திருந்தன. காலர் உள்பக்கத்தில் கழுத்து உரசியதுபோல் கறுப்பாக ஒரு வளையம். வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் எழும் வாடை அதிலிருந்து எழுந்தது.

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்து, பிடிக்காமல், திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. பிச்சை கேட்கிறதில் இவ்வளவு கெத்தா? அலமாரியைத் திறந்து, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி நாலைந்து தடவையே கட்டிய சேலையையும் ரவிக்கையையும் எடுத்து, "இந்தா, இதையாவது போட்டுத் தொலை" என்று பையில் அடித்தாள். அதுவும் திரும்பி வந்தது. மடித்து. ஈரமாக. ரவிக்கையின் அக்குள் இரண்டு பக்கமும் தையல் விட்டிருந்தது.

மாதா கோயிலில் விசாரித்தாள். யாரும் துணி சேகரிக்கவில்லை என்றார்கள். போலீசுக்குப் போகலாமா என்று அஜீசாவிடம் கேட்டாள். "போயி என்னன்னு சொல்லுவே? துணிய மடிச்சி வச்சிட்டுப் போறாங்கன்னா?" என்றாள் அஜீசா. யார் கண்ணிலும் இது ஒரு விஷயமே இல்லை என்பதுதான் அவளை அதிகமாக வாட்டியது. தூக்கத்தில் பல்லைக் கடித்தாள். காலையில் தாடை வலித்தது.

பிறகு, திடீரென்று, பை வருவது நின்றது.

கிரில் வெறுமையாக இருந்தது. மறுநாளும் வெறுமை. அந்த வாரம் முழுக்க வெறுமை. மேரிக்கு உடம்பே இலேசானது. சனிக்கிழமை துணி மடித்து வைக்கும்போதுதான், அகத்தாவின் மஞ்சள் கவுன், போன கிறிஸ்மஸுக்குத் தைத்தது, அலமாரியில் இல்லை என்று தெரிந்தது.

"மஞ்சக் கவுன் எங்கடி?"

அகத்தா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது எனக்குப் பத்தலம்மா. பையில போட்டுட்டேன்."

"யாரக் கேட்டுப் போட்டே?"

"அந்தப் பிள்ளைக்குப் போட ஒண்ணுமே இல்லம்மா."

"எந்தப் பிள்ளை?"

அகத்தா பென்சிலைக் கடித்தாள். "ரொம்பக் குளுருதாம்."

மேரி பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழுதது, பிறகு வீட்டுப்பாடத்தின் மேல் மறுபடியும் குனிந்துகொண்டது. அடித்த கை வெகுநேரம் மேரிக்கு எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஓவர்டைம். அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. மழை அடித்து ஊற்றியது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. தகரக் கூரைகளில் விழும் மழையின் இரைச்சலும், சாக்கடையில் பொங்கிப் போகும் தண்ணீரும், நனைந்த தார் ரோட்டின் வெக்கை நாற்றமும் சேர்ந்து, பத்தடிக்கு அப்பால் எதுவும் இல்லாததுபோல் இருந்தது. கேட் பூட்டியிருந்தது. கிரில் பூட்டியிருந்தது. இரண்டையும் திறந்து உள்ளே போய், பழக்கத்தில் இரண்டையும் பூட்டினாள். சமையலறைக்குப் பின்னால் குளியலறையில் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. அகத்தா வந்துவிட்டாள்.

ஹாலில் கால் எதிலோ இடறியது. பை. இந்த முறை கிரில்லில் இல்லை. வீட்டுக்குள், தரையில், உப்பிக்கொண்டு.

குனிந்து கையை விட்டாள். மஞ்சள் கவுன். வாசல் பக்கம் தூக்கிப் பிடித்து மங்கல் வெளிச்சத்தில் பார்த்தாள். தோள் இரண்டும் கிழிந்திருந்தன. பொத்தான் துளைகள் வாய் பிளந்திருந்தன. முதுகுத் தையல் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. உள்ளே இருந்தது வளர்ந்து வெளியே வந்துவிட்டதுபோல. துணி இன்னும் சூடாக இருந்தது.

"அகத்தா! இத யாரு உள்ள கொண்டாந்தது?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ம்மா. சட்டை குடுங்க."

"கேக்குறதுக்குப் பதில் சொல்லு மொத!"

"ம்மா. சட்டை குடுங்க."

தலை விண்ணென்று வலித்தது. உடம்பெல்லாம் நனைந்து, காலில் செருப்புக் கடித்து, அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு சொல்லுக்கும் தெம்பில்லை. அறையில் தடவி அகத்தாவின் இரவுச் சட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இந்தா. பிடி."

கதவு கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே இருட்டு. கை நீண்டது. ஈரக் கை. சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

துணி உரசும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, நிதானமாக, துணி கிழியும் சத்தம்.

"என்னடி செய்யிறே உள்ள?"

சட்டை வெளியே வந்து அவள் காலடியில் விழுந்தது. மடித்திருந்தது.

அப்போது முன்பக்கம் கேட் தடதடவென்று ஆடியது.

"மேரி! கேட்டத் தொற லா! இருட்டுல எங்க வீட்டுச் சாவி அகப்படல! எவ்ளோ நேரமா கூப்புடுறது? பிள்ளை நனையுது!"

அவள் தலையை மட்டும் திருப்பினாள். ஹாலுக்கு அந்தப் பக்கம், கிரில்லுக்கு அந்தப் பக்கம், மழைக்குள், அஜீசாவின் குடை. குடைக்குக் கீழே பள்ளிக்கூடத்து நீல பினாஃபோர். தோளில் புத்தகப் பை.

"ம்மா!" என்றாள் அகத்தா, கேட்டிலிருந்து.

"ம்மா" என்றது குளியலறை.

ஓட வேண்டும். கால் நகரவில்லை.

கை மறுபடியும் வெளியே வந்தது. மணிக்கட்டு. முழங்கை. அடுத்து தோள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை இன்னும் வந்தது. இன்னொரு முழங்கை மடிப்பு. அதற்கப்புறமும் கை.

விரல்கள் காற்றில் தடவின. அவள் ரவிக்கைக் கையைக் கண்டுபிடித்தன. துணியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, ஜவுளிக்கடையில் தேய்த்துப் பார்ப்பதுபோல், தேய்த்தன.

விட்டுவிட்டன.

"மேரி! உள்ள என்ன செய்யிறே?"

விரல்கள் இறங்கின. தோளிலிருந்து கீழே. மெதுவாக. முழங்கைக்கு மேல் வந்து நின்றன. அவள் தோலை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தன. இழுத்துப் பார்த்தன. தேய்த்தன.

அதை விடவில்லை.