நனையாத பாறை

எல்லோரும் அவரை 'மேதை' என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது வேறு யாருமில்லை, அவரேதான்.

செத்துப்போன ஓவியர் ஒருவர் பாதியில் விட்ட அருவிப் படத்தை முடித்துக் கொடுக்க, ஒரு மதியம் அந்த மாடி வீட்டுக்கு மேதை எழுந்தருளினார். அறையில் டர்பன்டைன் நெடி. கேன்வாஸைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"அடியில கறுப்பு, மேல நீலம், அதுக்கும் மேல பச்சை. இத்தனை அடுக்கு பூசியும் தண்ணி ஓடலையே. உங்க வீட்டுக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருக்கலாம்."

ஓவியரின் மனைவி அருவியின் நடுவே ஒரு சின்னப் பாறையைக் காட்டினாள். சுற்றிலும் ஈரம். அது மட்டும் காய்ந்த மண் நிறத்தில் இருந்தது.

"இது மேல மட்டும் தண்ணி விட்றாதீங்க. எங்க பொண்ணு அருவியில விழுந்துதான் போனா. அவ நிக்க ஒரு இடம் வேணும்னு அவர் விட்டு வச்சது."

"யாரையும் காணோமே."

"நிக்கிறா."

மேதைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் அடுப்படிக்குப் போனதும், அருவிக்கு நடுவில் ஓட்டையா, கலை தெரியாத ஜென்மங்கள் என்று முணுமுணுத்தபடி தட்டைப் பிரஷ் நிறைய வெள்ளையை அள்ளினார். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பக்கத்தில் இன்னொன்று. வண்ணம் தடிப்புத் தடிப்பாக விழுந்தது. பாறை மறைந்தது. தண்ணீர் நிஜமாகவே ஓடியது. கைத்திறமையில் மட்டும் அந்த மனிதரிடம் குறையில்லை.

அப்போது யாரோ இருமினார்கள்.

புரையேறிய குழந்தையின் இருமல். அடுப்படியிலிருந்து என்று நினைத்தார்.

கேன்வாஸிலிருந்து வந்தது.

வெள்ளைப் பூச்சின் தடங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன, உள்ளிருந்து யாரோ பிறாண்டுவதுபோல. டர்பன்டைன் நெடி போய் அறை முழுக்கப் பாசி வாடை அடித்தது.

மேதை கத்தியை எடுத்துச் சுரண்டினார். காயாத வெள்ளை அடியிலிருந்த பச்சையோடும் நீலத்தோடும் குழம்பிச் சேறானது. பாறை திரும்ப வரவில்லை. அத்தனை பெரிய கலைஞருக்கு ஒரு சாண் பாறை வரையக் கை வரவில்லை.

இருமல் நின்றது.

பிடரியில் ஏதோ சில்லென்று பட்டது. முதுகு கனத்தது.

வாசலில் ஓவியரின் மனைவி நின்றிருந்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கடி," என்றாள் மெதுவாக. "விட்றாத."

மேதை படிகளில் விழுந்தடித்து ஓடினார். இப்போது கூன் விழுந்துதான் நடக்கிறார். வயதாகிவிட்டதாம், அவரே சொல்லிக்கொள்கிறார். எந்தச் சட்டை போட்டாலும் பிடரிக்குக் கீழே இரண்டு சின்ன வெள்ளைக் கைத்தடங்கள். தொட்டால் இன்னும் விரலில் ஒட்டுகிறது.